பழங்கட்டடங்களின் காவலர் வில்லியம் மாரிஸ்

பழைய கட்டடம் ஒன்று அழிவதற்கு இரண்டு வழிகள் உண்டு. கவனிப்பாரின்றிக் கிடந்து, மழையிலும் வெயிலிலும் மெல்ல மெல்லச் சிதைவது ஒரு வழி. பணமும் பக்தியும் ஆர்வமும் மிக்கவர்கள் கையில் அகப்பட்டுப் புதுக்கோலம் பூண்டு, தன் பழைய உருவை ஓரிரு ஆண்டுகளில் இழந்துவிடுவது மற்றொரு வழி. முதல் வழியில் நேரும் அழிவைக் கண்டு எல்லோரும் வருந்துகின்றனர். இரண்டாம் வழியில் நேர்வதைப் பெரும்பாலோர் அழிவென்றே உணர்வதில்லை. விழா எடுத்துப் பாராட்டுகின்றனர். அதுவும் அழிவே என்று அஞ்சாது எடுத்துரைத்து, அதைத் தடுக்க ஒரு சங்கமும் கண்டவர் இங்கிலாந்து நாட்டு வில்லியம் மாரிஸ்.

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்கள் அவரைக் கவிஞராக அறிவர். பொருளாதாரமும் அரசியலும் பயில்வோர் பொதுவுடைமைச் சிந்தனையாளராக அறிவர். சுவர்த்தாளிலும் துணியிலும் அவர் வரைந்த பூங்கொடிகள் இன்றும் உலகெங்கும் விற்பனையாகின்றன. இத்தனை முகங்கள் கொண்ட ஒருவர் தறியிலும் சாயத்தொட்டியிலும் தாமே கைவைத்துத் தொழில் கற்றார் என்பதும், அந்தக் கைப்பழக்கமே அவரைப் பழங்கட்டடங்களின் காவலராக்கியது என்பதும் பலர் அறியாதவை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோ என்னும் ஊரில் 1834-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் மாரிஸ் பிறந்தார். தந்தையார் லண்டன் நகரில் உண்டியல் தரகராக இருந்தவர். டெவன் பகுதியில் புதிதாகத் தோண்டப்பட்ட செப்புச் சுரங்கம் ஒன்றில் அவர் பங்குகள் வாங்கினார். அப்பங்குகளின் விலை பன்மடங்கு உயர்ந்ததால் குடும்பம் பெருஞ்செல்வம் பெற்றது. எப்பிங் காட்டின் ஓரத்தில் பெரியதொரு மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் மாரிஸ் அக்காட்டில் மரங்களையும் பறவைகளையும் கண்டு திரிந்தான். சுற்றியிருந்த சிற்றூர்களின் பழைய தேவாலயங்களை நாடிச் சென்றான். பிற்காலத்தில் அவர் வரைந்த கொடிகளுக்கும் இலைகளுக்கும் வேர் அங்கேதான் ஊன்றியது.

1847-இல் தந்தையார் காலமானார். அடுத்த ஆண்டு மார்ல்பரோவில் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த பள்ளியில் மாரிஸ் சேர்க்கப்பட்டார். அங்கே கட்டுப்பாடு குறைவு. அதுவே அவருக்கு நன்மையாயிற்று. பள்ளி நேரம் போக மற்ற நேரமெல்லாம் அருகிலிருந்த தொல்பழங்காலக் கல்வட்டங்களையும் மேடுகளையும் பார்த்துவரக் கிளம்பிவிடுவார்.

1853-இல் ஆக்ஸ்போர்டின் எக்செட்டர் கல்லூரியில் கல்வி தொடங்கியது. பாதிரியார் ஆகவேண்டும் என்பதே அப்போதைய எண்ணம். அதே எண்ணத்துடன் வந்திருந்த எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ் என்பவர் ஆருயிர் நண்பரானார். இருவரும் ஜான் ரஸ்கின் எழுதிய வெனிஸ் நகரின் கற்களைப் பற்றிய நூலைக் கற்றனர். இடைக்காலத் தேவாலயங்களின் சிற்பங்கள் கரடுமுரடாக இருந்தாலும், அவற்றைச் செதுக்கியவன் தன் மனம்போல் செதுக்கினான், அவன் அடிமையல்லன் என்பது ரஸ்கின் காட்டிய வழி. கட்டடத்தைப் பார்க்கும்போது அதைக் கட்டியவனின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை மாரிஸ் இறுதிவரை மறக்கவில்லை.

1855-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் நண்பர்கள் வடபிரான்சுக்குச் சென்று அமியேன், சார்த்தர், ரூவான் முதலிய நகரங்களின் பெருங்கோயில்களைக் கண்டனர். திரும்பும் வழியில் லெ ஆவர் துறைமுகத்தில் உலாவிக்கொண்டே இருவரும் தங்கள் எதிர்காலத்தைத் தீர்மானித்தனர். பர்ன்-ஜோன்ஸ் ஓவியராவது, மாரிஸ் கட்டடக் கலைஞராவது என்பது முடிவு. சமயப்பணிக்கென்று அனுப்பிய பிள்ளையின் இந்த முடிவு வீட்டாருக்கு மகிழ்ச்சி தரவில்லை. ஆனால் 21 வயது நிரம்பிய மாரிஸுக்குச் சுரங்கப் பங்குகளிலிருந்து ஆண்டுக்கு 900 பவுன் வருவாய் வரத் தொடங்கியிருந்தது. வயிற்றுப்பாட்டுக்காகத் தொழில் தேடவேண்டிய நிலை அவருக்கு இல்லை. விரும்பிய தொழிலைத் தேடும் வாய்ப்பு இருந்தது.

நிறைவேறாத பயிற்சி

1856 சனவரியில் ஜார்ஜ் எட்மண்டு ஸ்டிரீட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் மாரிஸ் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஸ்டிரீட் தேவாலயங்கள் கட்டுவதிலும் பழைய தேவாலயங்களைப் புதுப்பிப்பதிலும் வல்லவர். கான்டர்பரியில் உள்ள பழைய வாயில் ஒன்றை வரைந்து தருமாறு மாணவரிடம் ஒப்படைத்தார். மாதங்கள் பல கழிந்தும் அந்த வரைபடம் மாரிஸின் மேசையை விட்டு அகலவில்லை. கவராயமும் அளவுகோலும் அவர் கைக்கு ஒத்துவரவில்லை. ஓராண்டு முடிவதற்குள் பயிற்சியைக் கைவிட்டார்.

ஆயினும் அந்த அலுவலகம் அவருக்கு ஒரு பெருஞ்செல்வத்தைக் கொடுத்தது. அங்கு மூத்த உதவியாளராகப் பணிபுரிந்த பிலிப் வெப்பின் நட்பே அது. கல்லையும் மரத்தையும் சுண்ணாம்பையும் நன்கறிந்தவர் வெப். புகழை விரும்பாதவர். மாரிஸ் வாழ்ந்த வீட்டுக்கும், உறங்கும் கல்லறைக்கும் வடிவமைப்புச் செய்தவர் அவரே.

கட்டடக் கலையை விட்ட மாரிஸ் ஓவியத்தில் இறங்கினார். 1857-இல் ரோசட்டி என்ற ஓவியரின் தலைமையில் நண்பர்கள் கூடி, ஆக்ஸ்போர்டு மாணவர் மன்றத்தின் புதிய கூடத்துச் சுவர்களில் பழங்கதைகளை வரைந்தனர். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் நாட்டுப் பழமொழி. இளைஞர்களோ சுவரைப் பற்றி ஒன்றும் அறியாமல் சித்திரத்தைத் தொடங்கிவிட்டனர். ஈரம் உலராத புதுச் செங்கல் சுவர். அதன் மேல் பூச்சு இல்லை, வெறும் வெள்ளையடிப்பு மட்டுமே. அதன்மீது நேரே வண்ணம் தீட்டினர். சில ஆண்டுகளுக்குள் படங்கள் மங்கிப் புகைபடிந்து உருத்தெரியாமல் போயின. ஆர்வமும் திறமையும் இருந்தாலும் பொருளின் இயல்பை அறியாதவன் செய்த வேலை நிலைக்காது என்பதை மாரிஸ் அங்கே கண்டார். அதன்பின் எந்தத் தொழிலில் இறங்கினாலும் அடிப்படையிலிருந்து கற்காமல் அவர் விட்டதில்லை.

செங்கல் இல்லமும் கைத்தொழில் நிறுவனமும்

1859-இல் மாரிஸ் ஜேன் பர்டன் என்ற மங்கையை மணந்தார். ஆக்ஸ்போர்டில் குதிரைலாயத்தில் பணிபுரிந்தவரின் மகள் அவர். இளந்தம்பதியருக்காக வெப் கென்ட் பகுதியில் செந்நிறச் செங்கல்லால் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். சிவப்பு இல்லம் என்று பெயர்பெற்ற அவ்வீட்டில் பூச்சோ போலி அலங்காரமோ கிடையாது. செங்கல் செங்கல்லாகவே தோன்றும். உத்தரம் உத்தரமாகவே தோன்றும்.

வீடு முடிந்ததும் புதிய சிக்கல் எழுந்தது. அந்த வீட்டில் வைக்கத்தக்க நாற்காலியோ திரைச்சீலையோ கடைகளில் இல்லை. எந்திரங்கள் மலிவாகவும் விரைவாகவும் அள்ளிக்கொட்டிய பொருள்களே எங்கும் நிறைந்திருந்தன. எனவே நண்பர்கள் கூடித் தாங்களே அறைகலன்களும் சுவரோவியங்களும் செய்தனர். மாரிஸ் பழைய பூத்தையல் துணிகளை இழையிழையாகப் பிரித்துப் பார்த்துத் தையல் முறையைக் கற்றார். தாம் கற்றதை மனைவிக்கும் கற்பித்தார். வீட்டுக்காகத் தொடங்கிய வேலை 1861-இல் ஒரு நிறுவனமாக மலர்ந்தது. ரோசட்டி, பர்ன்-ஜோன்ஸ், வெப் உள்ளிட்ட 7 பேர் பங்காளிகள். தேவாலயங்களுக்கான வண்ணக் கண்ணாடிச் சாளரங்களே தொடக்கத்தில் அவர்களுக்குப் பெரும் வருவாய் தந்தன. 1875-இல் மாரிஸ் நிறுவனம் முழுவதையும் தம் ஒருவர் பொறுப்பில் ஏற்றார்.

சாயத்தொட்டியின் முன்

அக்காலத்தில் நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் செயற்கைச் சாயங்கள் பரவியிருந்தன. 1856-இல் பெர்க்கின் என்ற இளைஞர் கண்டுபிடித்த ஊதாச் சாயம் அதற்கு வழி திறந்தது. இந்தப் புதுச் சாயங்கள் முதலில் கண்ணைப் பறிக்கும், விரைவில் வெளிறிவிடும். பழைய துணிகளோ நூற்றாண்டுகள் கடந்தும் மங்கினாலும் அழகாகவே மங்கின. அந்த மறைபொருளை அறிய மாரிஸ் பழைய மூலிகை நூல்களைத் தேடிப் படித்தார். பிறகு ஸ்டாபோர்டுசயரில் லீக் என்னும் ஊரில் இருந்த தாமஸ் வார்டில் என்பவரின் சாயப்பட்டறைக்குச் சென்று, தொழிலாளியின் மேலாடை அணிந்து சாயத்தொட்டியின் முன் நின்றார். நாட்கணக்கில் கைகள் நீலமாகவே இருந்தன. செல்வர்களின் விருந்துக்கும் அதே நீலக் கைகளுடன் செல்ல அவர் கூசவில்லை.

நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு மஞ்சிட்டி என்று அவர் கையாண்ட பல பொருள்கள் நம் நாட்டுச் சாயக்காரர்களும் நன்கறிந்தவை. அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும் துணி முதலில் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்ட பிறகே நீலமாகும். எவ்வளவு நேரம் தோய்க்கவேண்டும், எப்போது எடுக்கவேண்டும் என்பதை எந்த நூலும் முழுமையாகச் சொல்லித்தர முடியாது. கையும் கண்ணும் பழகவேண்டும். 1881-இல் வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் அபி என்ற இடத்தில் தம் பட்டறையை மாரிஸ் நிறுவினார். அந்த ஆற்றுநீர் சாயவேலைக்கு ஏற்றதாக இருந்தது. தம் தோட்டத்துப் பழங்களைப் பறவைகள் கவர்வதைப் பார்த்து வரைந்த புகழ்பெற்ற துணி 1883-இல் அங்கே உருவாயிற்று. துணி முழுவதையும் நீலத்தில் தோய்த்து, பூவும் பறவையும் வரவேண்டிய இடங்களில் வெளுப்பு மருந்தை அச்சுக்கட்டையால் ஒற்றி, பின்னர் சிவப்பும் மஞ்சளும் ஏற்றிய வேலை அது. நாட்கள் பல பிடிக்கும், விலையும் அதிகம்.

சித்திரத் திரைச்சீலை நெய்வதைக் கற்க விரும்பியபோது சொல்லித்தர ஆசான் இல்லை. தம் படுக்கையறையிலேயே தறி அமைத்து, விடியற்காலையில் எழுந்து பழைய நூலொன்றின் துணையுடன் தாமே கற்றார். 1879-இல் நெய்து முடித்த முதல் திரைச்சீலைக்கு 516 மணி நேரம் ஆனதாக அவரே குறித்து வைத்துள்ளார். எந்த ஒரு வேலைக்கும் எத்தனை உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை இவ்வாறு அளந்தறிந்தவர் பழைய வேலையை மலிவாக எண்ணுவாரா?

அதே 1879-ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரில் ஆற்றிய சொற்பொழிவில் இந்தியக் கைத்தொழில்களின் நிலையையும் அவர் எடுத்துரைத்தார். ஆங்கிலேயரின் வாணிகத்தாலும் ஆட்சியாலும் தலைமுறை தலைமுறையாக வந்த இந்தியத் தொழில்கள் அழிந்துவருவதையும், சிறைச்சாலைகளில் நெய்யப்படும் மலிவான கம்பளங்கள் உண்மையான நெசவாளரின் பிழைப்பைக் கெடுப்பதையும் கண்டித்தார். ஆள்வோரின் நாட்டிலிருந்தே எழுந்த அக்குரல் நாம் நினைவில் கொள்ளத்தக்கது.

சுரண்டலுக்கு எதிராக ஒரு சங்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான தேவாலயங்கள் புதுப்பிக்கப்பட்டன. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி செய்வதுபோல் பக்தியோடு தொடங்கிய பணியே அது. ஆனால் அங்கே ஒரு கொள்கை குறுக்கிட்டது. தேவாலயம் 13-ஆம் நூற்றாண்டில் எப்படி இருந்திருக்குமோ அப்படியே ஆக்கவேண்டும் என்றனர். அதற்காகப் பின்னர் வந்த நூற்றாண்டுகளின் சாளரங்களையும் இருக்கைகளையும் பிடுங்கி எறிந்தனர். சுவர்ப்பூச்சைச் சுரண்டினர், அதனோடு பூச்சின் மேலிருந்த பழைய ஓவியங்களும் போயின. தேய்ந்த கல்லின் மேற்பரப்பைச் செதுக்கிப் புதிதாக்கினர். இழந்துபோன பகுதிகளை ஊகத்தால் கட்டினர். முடிவில் எஞ்சியது 13-ஆம் நூற்றாண்டும் அன்று, 19-ஆம் நூற்றாண்டும் அன்று.

1876-இல் பர்போர்டு என்ற ஊரின் தேவாலயத்தில் இத்தகைய வேலை நடப்பதை மாரிஸ் கண்டு கொதித்தார். தட்டிக்கேட்டபோது, இது என் கோயில், நான் விரும்பினால் இங்கே தலைகீழாகவும் நிற்பேன் என்ற பொருள்பட அவ்வூர்ப் பாதிரியார் விடையளித்ததாகக் கூறுவர். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் டியூக்ஸ்பரி நகரின் பழம்பெரும் தேவாலயமும் புதுப்பிக்கப்படப்போகும் செய்தி வந்தது. பொறுப்பேற்றிருந்தவர் சர் கில்பர்ட் ஸ்காட். நாட்டின் மிகப் பெரிய கட்டடக் கலைஞர்களுள் ஒருவர். மாரிஸ் அத்தினியம் இதழுக்குக் கடிதம் எழுதினார். பழங்கட்டடங்களைக் கண்காணிக்க ஒரு சங்கம் வேண்டும் என்று கேட்டார். 1877 மார்ச் 22-ஆம் நாள் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. மாரிஸ் அதன் செயலாளர். ரஸ்கின், கார்லைல் போன்ற பெரியோரும் சேர்ந்தனர். சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்று அதற்கு அவர் வேடிக்கையாக ஒரு செல்லப்பெயர் இட்டார்.

தமிழில் சுரண்டல் என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. சுவரைச் சுரண்டுவது ஒன்று. உழைப்பாளியின் உழைப்பைச் சுரண்டுவது மற்றொன்று. மாரிஸ் இரண்டையும் எதிர்த்தவர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

சங்கத்தின் கொள்கை விளக்கத்தை வெப்பின் துணையுடன் மாரிஸே எழுதினார். அதன் சாரம் எளியது. ஒரு பழைய கட்டடத்தில் எல்லாக் காலத்து வேலையும் வரலாறே. ஒரு காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவற்றை அழிக்க நமக்கு உரிமை இல்லை. கூரை ஒழுகினால் உடனே ஓடு மாற்றுக; சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடுக்க; அந்தப் புதுவேலை புதுவேலையாகவே தெரியட்டும்; பழையதுபோல் பாசாங்கு செய்யவேண்டா. இன்றைய தேவைக்குக் கட்டடம் போதவில்லையானால் வேறு புதிதாகக் கட்டிக்கொள்க; பழையதைச் சிதைக்காதீர்.

இக்கொள்கை பழமைப் பற்றினால் மட்டும் வந்ததன்று. இடைக்காலக் கல்தச்சன் தன் மனத்தில் தோன்றியதைத் தன் உளியால் செதுக்கினான். 19-ஆம் நூற்றாண்டின் கூலியாளோ பிறர் கொடுத்த வரைபடத்தைப் பார்த்து, குறித்த நேரத்துக்குள், குறைந்த கூலிக்குச் செதுக்குகிறான். இருவர் கையும் ஒன்றாகா. ஆகவே இறந்தவன் கைவேலையை இருப்பவன் திரும்பச் செய்துவிட முடியாது. சாயத்தொட்டியிலும் தறியிலும் கை பழகிய ஒருவருக்கே இவ்வுண்மை இவ்வளவு தெளிவாக விளங்கியிருக்க முடியும்.

சொல்லும் செயலும்

சங்கம் தொடங்கிய அதே ஆண்டில் மாரிஸ் மற்றொரு முடிவும் எடுத்தார். புதுப்பிக்கப்படும் பழைய தேவாலயங்களுக்குத் தம் நிறுவனம் இனி வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்து தராது என்று அறிவித்தார். அந்நிறுவனம் வளர்ந்ததே அவ்வகை வேலைகளால்தான். சில விதிவிலக்குகள் இருந்தன என்பது உண்மை. ஆயினும் தம் வருவாயில் ஒரு பகுதியைத் தாமே வெட்டிக்கொள்ளும் துணிவு எத்தனை வணிகருக்கு வரும்?

சங்கம் எல்லாப் போராட்டங்களிலும் வென்றுவிடவில்லை. பல கட்டடங்கள் கண்ணெதிரே உருமாறின. 1879-இல் வெனிஸ் நகரின் புனித மாற்குக் கோயிலின் மேற்கு முகப்பு மாற்றிக் கட்டப்படும் செய்தியறிந்து மாரிஸ் பெரும் கிளர்ச்சி தொடங்கினார். எதிரெதிர்க் கட்சித் தலைவர்களான கிளாட்ஸ்டனும் டிஸ்ரேலியும் ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். அயல்நாட்டார் தலையிடுவதை இத்தாலியர் சிலர் விரும்பவில்லை. ஆனாலும் ஒரு நாட்டின் பழங்கட்டடம் உலகத்தார் அனைவரின் சொத்து என்ற கருத்து அப்போதே வேர்விட்டது.

வென்ற இடங்களுள் இங்கிள்ஷம் என்ற சிற்றூரின் தேவாலயம் குறிப்பிடத்தக்கது. மாரிஸ் 1871 முதல் குத்தகைக்கு எடுத்திருந்த கெல்ம்ஸ்காட் பண்ணைவீட்டுக்கு அருகில் உள்ளது அது. 1888-89-இல் சங்கத்தின் முறைப்படி, மாரிஸின் துணையோடு பழுது பார்க்கப்பட்டது. பிற்காலத்து மரத் தடுப்பிருக்கைகள் அகற்றப்படவில்லை. வெவ்வேறு நூற்றாண்டுகளின் சுவரோவியங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய் இருப்பதை இன்றும் காணலாம். தரை மேடுபள்ளமாகவே இருக்கிறது. அங்கே செல்பவருக்கு எதுவும் செய்யப்பட்டதாகவே தோன்றாது. அதுவே அந்த வேலையின் வெற்றி.

ஒன்றும் செய்யாமல் விடுவதே சங்கத்தின் கொள்கை என்று சிலர் ஏளனம் செய்தனர். அதற்கு விடையாக அமைந்தது வில்ட்சயரில் ஈஸ்ட் நாயில் ஊரின் தேவாலயக் கோபுரம். 1890-களின் தொடக்கத்தில் அது விழும் நிலையில் இருந்தது. வெளிக்கற்களைப் பிரிக்காமல், உட்புறத்திலிருந்தே சுவரைச் சிறிது சிறிதாகத் திறந்து, உளுத்துப்போன உள்நிரப்பை அகற்றி, அந்தந்த இடத்தில் உறுதியான புதுக்கட்டு வேலையை நிரப்பும் முறையை வெப் வகுத்தார். டெட்மர் புளோ என்ற இளம் கட்டடக் கலைஞர் வேலைத்தலத்திலேயே இருந்து மேற்பார்வை செய்தார். வரைபட மேசையை விட்டிறங்கிச் சாரத்தின்மேல் ஏறி, கொத்தனாருடன் நின்று தொழில் கற்கும் ஒரு புதுத் தலைமுறை அவ்வாறு உருவாயிற்று.

உழைப்பாளியின் கை

நல்ல கைத்தொழில் வேண்டுமானால் நல்ல தொழிலாளி வேண்டும். நல்ல தொழிலாளி வேண்டுமானால் அவனுக்கு ஓய்வும் மதிப்பும் மனமகிழ்ச்சியும் வேண்டும். இவ்வாறு எண்ணிச் சென்ற மாரிஸ் 1883-இல் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்தார். தெருமுனைகளில் நின்று பேசினார், துண்டறிக்கை விற்றார். 1887 நவம்பரில் டிரபால்கர் சதுக்கத்தை நோக்கிச் சென்ற ஊர்வலத்தைக் காவலர் அடித்துக் கலைத்தபோது அவரும் அதில் நடந்துகொண்டிருந்தார். உழைப்பு இன்பமாக விளங்கும் ஒரு வருங்கால இங்கிலாந்தைக் கற்பனை செய்து 1890-இல் ஒரு நெடுங்கதையும் எழுதினார்.

அவர் வாழ்வில் முரண்பாடுகள் இல்லாமல் இல்லை. அவருடைய தொடக்கச் செல்வம், தொழிலாளர் மண்ணுக்கடியில் வருந்தியுழைத்த சுரங்கத்திலிருந்து வந்தது. அச்சுரங்கம் பின்னாளில் பாடாணம் எடுப்பதில் பேர்பெற்றது. அவருடைய தொடக்ககாலச் சுவர்த்தாள்களின் பச்சை நிறத்திலும் பாடாணம் கலந்திருந்தது. மக்கள் அனைவருக்கும் கலை வேண்டும் என்றவரின் கைவேலைப் பொருள்களை வாங்க முடிந்தவர்கள் செல்வர்களே. இம்முரண்பாட்டை அவர் அறியாதவரல்லர். அதுவே அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தது என்று கூறலாம்.

இறுதி ஆண்டுகள்

வாழ்வின் இறுதியில் அச்சுத்தொழில் அவரை ஈர்த்தது. 1891-இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். எழுத்துருக்களைத் தாமே வரைந்தார். கையால் செய்த தாளைத் தேர்ந்தார். கையச்சுப் பொறியைப் பயன்படுத்தினார். பர்ன்-ஜோன்ஸின் 87 படங்களுடன் சாசரின் படைப்புகளைக் கொண்ட பெருநூல் 1896-இல் வெளிவந்தது. தாளில் அச்சிட்ட படிகள் 425. அந்நூல் கையில் வந்த சில மாதங்களில், அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள், தம் 62-ஆம் வயதில் மாரிஸ் மறைந்தார். பத்துப் பேர் செய்யும் வேலையை ஒருவராகச் செய்ததே அவருடைய நோய் என்று மருத்துவர் ஒருவர் கருதினார். அவர் உடல் உழவர்களின் பார வண்டியில் இலைதழைகளுக்கிடையே வைக்கப்பட்டுக் கெல்ம்ஸ்காட் தேவாலய முற்றத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது.

மாரிஸுக்குப் பின்

அவர் ஊன்றிய விதை பல இடங்களில் முளைத்தது. அவர் இறந்த 1896-ஆம் ஆண்டிலேயே, அவர் வழிவந்த லெத்தபி என்பவர் முன்னின்று நடத்திய கைத்தொழில் கலைப்பள்ளி லண்டனில் தொடங்கிற்று. அதே ஆண்டு, இங்கிலாந்தின் தேசிய அறக்கட்டளை ஆல்பிரிஸ்டன் என்ற ஊரின் பழைய பாதிரியார் வீட்டை 10 பவுனுக்கு வாங்கிக் காத்தது. அவ்வறக்கட்டளை பெற்ற முதல் கட்டடம் அதுவே. மாரிஸ் நிறுவிய சங்கம் இன்றும் இயங்குகிறது. 1930 முதல் இளம் கட்டடக் கலைஞர்களுக்கு உதவித்தொகை தந்து, மாதக்கணக்கில் ஊர்ஊராக வேலைத்தலங்களுக்கு அனுப்பிப் பயிற்றுகிறது. கல்தச்சர், மரத்தச்சர், கொல்லர் முதலிய கைத்தொழிலாளருக்கும் அதுபோன்ற பயிற்சியை 1980-களில் மாரிஸின் பெயரால் ஏற்படுத்தியது.

தமிழரோடு ஓர் உறவும் உண்டு. கெல்ம்ஸ்காட் அச்சகம் மூடப்பட்டபின் அதன் கையச்சுப் பொறிகளை ஆஷ்பி என்ற கைத்தொழிற் கலைஞர் 1898-இல் வாங்கினார். யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த சர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி பின்னர் அவ்வச்சகத்தை ஏற்றார். ஆஷ்பி அவருக்காக இடிந்து கிடந்த நார்மன் காலத் தேவாலயம் ஒன்றைப் பழமை கெடாமல் செப்பனிட்டு இல்லமாக்கிக் கொடுத்திருந்தார். இலங்கையின் கைவினைஞர் குடிகளைப் பற்றியும் அவர்தம் தொழில்களைப் பற்றியும் குமாரசுவாமி எழுதிய மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல், மாரிஸ் சாசரை அச்சிட்ட அதே பொறியில் அச்சாகி 1908-இல் வெளிவந்தது. மாரிஸின் கருத்து கீழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த வழிகளுள் இதனினும் பொருத்தமானது வேறில்லை.

முடிவுரை

மாரிஸ் பாதிரியாராக எண்ணி விட்டுவிட்டார். கட்டடக் கலைஞராகச் சேர்ந்து விலகினார். ஓவியராக முயன்று மனநிறைவு பெறவில்லை. இருபத்தைந்து வயதில் அவரைப் பார்த்தவர்கள் எதிலும் நிலைக்காதவர் என்றே எண்ணியிருப்பர். ஆனால் எதைத் தொட்டாலும் அதன் அடிவரை சென்று கற்றதால், விட்ட தொழில்களும் அவரை விட்டுப் போகவில்லை. கட்டடக் கலைஞராக முடியாதவர் கட்டடங்களுக்குக் காவலரானார்.

பழங்கட்டடங்களைக் காக்கும் பணி இன்று தனித்துறையாக வளர்ந்துள்ளது. வரலாறும் வேதியியலும் பொறியியலும் அங்கே கைகோக்கின்றன. அத்துறையை நாடும் மாணவ நண்பர்கள் மாரிஸின் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனாரும், உளி பிடிக்கத் தெரிந்த கல்தச்சரும் இல்லாத நாட்டில் எந்தச் சட்டமும் எந்தச் சங்கமும் ஒரு பழைய சுவரைக் காப்பாற்றிவிட முடியாது. ஏட்டுக் கல்வி பெற்றவர் அவர்களிடம் சென்று பணிந்து கற்கவேண்டும். கற்றபின் அவர்தம் தொழிலும் வாழ்வும் செழிக்க உழைக்கவேண்டும். கட்டடத்தையும் அதைக் கட்டும் கையையும் பிரித்துக் காக்க இயலாது என்பதே வில்லியம் மாரிஸ் தம் வாழ்நாளெல்லாம் வேலை செய்து காட்டிய உண்மையாகும்.